பெயர் வந்த கதை: விக்கிப்பீடியாவில் சிவாஜி கணேசன் வரலாற்றைச் செம்மைப்படுத்துதல்

விழுப்புரம் சின்னையா கணேசன் சிவாஜி கணேசன் ஆனது அண்ணா எழுதிய ஒரு நாடகத்தால். மராட்டிய மன்னராக மேடையில் நின்ற இளைஞரைப் பாராட்டிய பெரியார், வேடத்தின் பெயரையே அவருக்குச் சூட்டினார். தமிழ் சினிமா பார்க்கும் எவருக்கும் தெரிந்த செய்தி இது. ஆனால் இதையே கலைக்களஞ்சியக் கட்டுரையில் ஒரு வாக்கியமாக எழுத உட்காருபவர் முன்னால் உடனே மூன்று கேள்விகள் வந்து நிற்கின்றன. நாடகத்தின் சரியான பெயர் என்ன? அது எந்த ஆண்டில் நடந்தது? பெயர் சூட்டியதை யார், எங்கே பதிவு செய்திருக்கிறார்கள்?

நாடகம் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்றும் 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' என்றும் எழுதப்படுகிறது. 'சந்திரமோகன்' என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆண்டு சில இடங்களில் 1945, சில இடங்களில் 1946. முதலில் எம்.ஜி.ஆர். நடிப்பதாக இருந்தது என்றும், அவர் விலகியதால் காஞ்சிபுரத்தில் அண்ணாவின் வட்டத்தில் இருந்த கணேசனிடம் வேடம் வந்தது என்றும், பக்கம் பக்கமான வசனத்தை அவர் சில மணி நேரத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தார் என்றும் சொல்லப்படுகிறது. இவற்றில் எது ஆவணம், எது நினைவு, எது சொல்லிச் சொல்லி வளர்ந்தது என்று பிரித்தறிவதுதான் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரையைச் செம்மைப்படுத்தும் வேலையின் மையம். படங்களையும் பட்டங்களையும் கூட்டுவது அதற்குப் பிறகு வருவது.

தமிழில் கலைக்களஞ்சிய மரபு நூறாண்டைத் தாண்டியது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-இல் வந்தது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இலும் பத்தாம் தொகுதி 1968-இலும் வெளிவந்தன. இவற்றில் ஒரு கட்டுரையின் நம்பகம் அதை எழுதிய அறிஞரின் பெயரில் இருந்தது. 2003 செப்டம்பரில் தொடங்கி 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்த தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அந்த வசதி இல்லை. அங்கே எழுதுபவர் பள்ளி மாணவராக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், தறியில் உட்காரும் நேரம் போக மீதியில் எழுதும் நெசவாளராகவும் இருக்கலாம். எழுதுபவர் யார் என்பதற்கு அங்கே எடை கிடையாது. எனவே நம்பகம் முழுவதையும் வாக்கியத்தின் முடிவில் நிற்கும் அந்தச் சிறிய மேற்கோள் எண்தான் சுமக்கிறது. 'மெய்யறிதன்மை' என்று தமிழ் விக்கிப்பீடியர்கள் பெயரிட்டிருக்கும் கொள்கை கேட்பது இதைத்தான்: வாசகர் தாமே போய்ச் சரிபார்க்கக் கூடிய, வெளியான ஒரு மூலம். எழுதுபவரின் சொந்த ஆராய்ச்சிக்கும் சொந்த நினைவுக்கும் அங்கே இடம் இல்லை.

கேள்விப்பட்ட செய்தியை என்ன செய்வது என்பதற்குக் காஞ்சிபுரத்தை ஒட்டிப் பாலாற்றுப் பக்கம் இருக்கும் ஓரிக்கை நல்ல பாடம். அந்த ஊரின் பெயருக்கு வைணவ மரபு ஒரு கதை சொல்கிறது. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை நாட்டை விட்டுப் போகும்படி பல்லவ மன்னன் ஆணையிட, சீடருடன் ஆழ்வாரும் கிளம்பினார்; ஆழ்வார் சொல்லைக் கேட்டுப் பெருமாளும் தம் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை' ஆகி, 'ஓரிருக்கை' ஆகி, ஓரிக்கை ஆயிற்று. மன்னன் மனம் மாறியதும் பெருமாள் திரும்பி வந்து படுத்த கோயில் காஞ்சியில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில். ஓரிக்கை பற்றிய கட்டுரையில் இதை இரண்டு விதமாக எழுதலாம். 'பெருமாள் ஓர் இரவு தங்கியதால் இவ்வூர் இப்பெயர் பெற்றது' என்பது ஒரு விதம். 'பெருமாள் ஓர் இரவு தங்கியதால் இப்பெயர் வந்ததாக வைணவ மரபு கூறுகிறது' என்பது இன்னொரு விதம். இரண்டாவது வாக்கியம் பக்தரின் நம்பிக்கையைக் குறைக்கவில்லை. சொல்லாய்வாளரின் கேள்வியையும் அடைக்கவில்லை. சொல்வது யார் என்பதை மட்டும் அது சேர்த்துக்கொண்டது. நடிகரின் வாழ்க்கை வரலாற்றில் பாதிக்கு மேற்பட்ட வாக்கியங்களுக்கு வேண்டியதும் இந்த ஒரு சேர்க்கைதான்.

சிவாஜியின் வாழ்க்கைக்கு முக்கியமான மூலம் 2002-இல், அவர் மறைந்த மறு ஆண்டில் வெளியான அவருடைய தன்வரலாறு. பலர் அதை ஐயத்துக்கு இடமற்ற ஆதாரமாகக் கொள்கிறார்கள். வேறு சிலர், தன்னைப் பற்றித் தானே சொன்னது செல்லாது என்று ஒதுக்குகிறார்கள். இரண்டும் சரியில்லை. குழந்தைப் பருவம், பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுவில் பட்ட கஷ்டம், முதல் நாள் படப்பிடிப்பில் மனம் என்ன பாடுபட்டது என்பன போன்றவற்றுக்கு அவரைவிட நெருங்கிய சாட்சி கிடைக்கமாட்டார். ஆனால் தேதிகள், வசூல், மற்றவர்கள் பேசிய சொற்கள் ஆகியவற்றில் அறுபது ஆண்டுக்குப் பிந்திய நினைவு வழுக்கக் கூடியது. முதல் வகையை 'தன் தன்வரலாற்றில் கூறுகிறார்' என்று எழுதிவிடலாம். இரண்டாம் வகைக்கு அந்தக் காலத்துத் தாள் ஒன்று வேண்டும்.

பெயர் சூட்டல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அண்ணா 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்து தொடங்கிய 'திராவிட நாடு' இதழ் அந்த நாடகக் காலத்தில் வந்துகொண்டிருந்தது. பெரியாரின் 'குடிஅரசு', 'விடுதலை' ஆகியவையும் இருந்தன. நாடகம் நடந்ததைப் பற்றிய அந்த வாரத்துச் செய்தியைத் தேடி எடுத்தால் ஆண்டுக் குழப்பத்தைத் தீர்க்க வழி உண்டு. நாடகப் பெயர்க் குழப்பத்துக்கு வழி இன்னும் எளிது. தமிழக அரசு 1995-இல் அண்ணாவின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. நாடகத்தின் அச்சுப் பிரதியைத் திறந்து தலைப்புப் பக்கத்தைப் பார்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை. நாடகத்தில் காகபட்டராக அண்ணாவே நடித்தார் என்பதால், சிவாஜியின் கட்டுரையில் கிடைக்கும் துல்லியம் அண்ணாவின் கட்டுரைக்கும் பயன்படும். தேடியும் இரண்டு ஆண்டுகளில் ஒன்று உறுதிப்படாமல் போனால், இரண்டையும் உரிய மேற்கோள்களுடன் ஒரே அடிக்குறிப்பில் வைப்பதுதான் நேர்மை. ஒன்றைச் சத்தமில்லாமல் அழித்து மற்றதை நிறுத்துவது திருத்தம் ஆகாது.

இதைவிடச் சிறியவையாகத் தோன்றுபவை பிறந்த நாளும் ஊரும். 1928 அக்டோபர் 1 என்பது பரவலாக வழங்கும் தேதி. 1927 என்று தரும் குறிப்புகளும் உண்டு. அவர் மறைந்தது 2001 ஜூலை 21. முதல் கணக்குப்படி வயது 72, மற்றதன்படி 73. கட்டுரையின் தலையில் நிற்கும் தகவற்சட்டத்தில் ஓர் ஆண்டும் கட்டுரை உடலில் இன்னோர் ஆண்டும் இருந்தால் வயதுக் கணக்கே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். திருத்துபவர் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே. ஊர் விஷயத்தில் சிக்கலுக்குக் காரணம் தமிழ்ச் சொல் ஒன்று. 'சொந்த ஊர்' என்று நாம் சொல்வது பிறந்த ஊராகவும் இருக்கலாம், பாட்டன் பூட்டன் வாழ்ந்த ஊராகவும் இருக்கலாம். கணேசன் பிறந்தது விழுப்புரத்தில், குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டத்துச் சூரக்கோட்டை, வளர்ந்தது திருச்சியில். மூன்று ஊர்க்காரர்களும் அவரைத் தம்மவர் என்கிறார்கள், மூவருக்கும் அதற்கு நியாயம் உண்டு. கட்டுரையில் 'சொந்த ஊர்' என்ற சொல்லைத் தவிர்த்து மூன்றையும் தனித்தனியே எழுதினால் சண்டைக்கு இடமில்லை.

'முதல்' என்ற சொல்லும் இப்படித்தான் அடிக்கடி ஏமாற்றுகிறது. சிவாஜியின் முதல் படம் 'பராசக்தி' என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதி, 1952 அக்டோபர் 17 தீபாவளியன்று வந்த படம் அது. ஆனால் அதற்கு முன்பே 1951-இல் 'நிரபராதி' படத்தில் முக்காமலா கிருஷ்ணமூர்த்திக்கு அவர் தமிழ்க் குரல் கொடுத்திருந்தார். அஞ்சலி தேவி தயாரித்து, தெலுங்கில் 'பரதேசி' என்றும் தமிழில் 'பூங்கோதை' என்றும் 1953-இல் வெளியான படத்துக்கு அவர் முன்னதாகவே ஒப்பந்தமாகியிருந்தார் என்ற செய்தியும் உண்டு. முதலில் குரல் ஒலித்த படம், முதலில் கையெழுத்திட்ட படம், முதலில் திரைக்கு வந்த படம் என்று மூன்று 'முதல்'கள் இங்கே இருக்கின்றன. 'திரையில் தோன்றிய முதல் படம்' என்று ஒரு சொல்லைக் கூட்டினால் போதும், மற்ற இரண்டு செய்திகளும் முரண்படாமல் தத்தம் இடத்தில் அமர்ந்துவிடும். 'கடைசிப் படம்' என்பதற்கும் இதே கவனம் வேண்டும். 'படையப்பா', 'பூப்பறிக்க வருகிறோம்' இரண்டும் 1999-இல் வந்தவை.

படங்களின் எண்ணிக்கை இன்னும் சுவையானது. 1964 நவம்பர் 3, தீபாவளி நாளில் சிவாஜி நடித்த இரண்டு படங்கள் ஒன்றாக வெளியாயின. ஒன்று ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் அவர் ஒன்பது வேடங்கள் ஏற்ற 'நவராத்திரி', மற்றது பி.ஆர். பந்துலுவின் 'முரடன் முத்து'. நூறாவது படம் என்ற பெருமை 'நவராத்திரி'க்குப் போனது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' ஆகியவற்றைத் தந்த பந்துலு அதன் பிறகு சிவாஜியிடமிருந்து விலகி, 1965-இல் எம்.ஜி.ஆரை வைத்து 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தார். ஒரே நாளில் வந்த இரண்டு படங்களில் எது 99, எது 100 என்பதைக் காலண்டர் சொல்லாது. அது சம்பந்தப்பட்டவர்கள் எடுத்த முடிவு. அந்த முடிவுக்கு விளைவும் இருந்தது. ஆகவே கட்டுரையில் 'நவராத்திரி அவருடைய நூறாவது படமாக விளம்பரப்படுத்தப்பட்டது' என்று எழுதுவது 'அவருடைய நூறாவது படம்' என்பதைவிடக் கூடுதலாக ஒரு வரலாற்றையே உள்ளே கொண்டுவருகிறது.

மொத்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவதற்கும் காரணம் எண்ணும் முறைதான். கௌரவ வேடங்களை எண்ணுவதா, ஒரே கதையின் தமிழ், தெலுங்குப் பதிப்புகளை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா, மொழிமாற்றப் படங்களைச் சேர்ப்பதா என்ற கேள்விகளுக்கு ஆளுக்கொரு விடை வைத்திருக்கிறார்கள். திரைப்படப் பட்டியலைத் தனிப் பக்கமாக்கி, அதன் தலையில் எண்ணும் முறையை இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும். பிறகு பட்டியலுக்குள்ளேயே ஒரு சோதனை செய்யலாம்: 'நவராத்திரி' 100, 1979-இல் வந்த 'திரிசூலம்' 200 என்று அக்காலத்தில் அறிவிக்கப்பட்டவை. பட்டியலில் அவை எத்தனையாவது இடத்தில் விழுகின்றன என்று பார்த்தால், நடுவில் எங்கே படம் விடுபட்டது, எங்கே இரட்டித்தது என்பது தெரிந்துவிடும்.

பட்டியலுக்கான மூலங்களில் தமிழ்நாடு அதிர்ஷ்டம் செய்தது. 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த விவரங்கள் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்று 2004-இல் நூலாயின. ஆஷிஷ் ராஜாத்யக்ஷாவும் பால் வில்லெமனும் தொகுத்த இந்திய சினிமாக் கலைக்களஞ்சியம் 1994-இல் வந்தது. தியடோர் பாஸ்கரனின் ஆய்வு நூல்கள், 'தி இந்து'வில் ராண்டார் கை எழுதிய பழைய படங்களைப் பற்றிய பத்திகள் ஆகியவையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் முந்தியது திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். நடிகர் பட்டியல், பாடலாசிரியர், இசையமைப்பாளர், கதைச் சுருக்கம் எல்லாம் படம் வந்த நாளிலேயே அச்சானவை அவை. பழைய புத்தகக் கடையில் எடைக்குப் போன அந்தத் தாள்களைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பாதுகாத்து வைத்திருக்கின்றன. 'பேசும் படம்', 'குண்டூசி' இதழ்களின் பழைய பிரதிகளும் இப்படித்தான் பிழைத்தன. இந்தத் தாள்களைத் தேடிப் போகாமல் இணையத்தில் கிடைப்பதை மட்டும் மேற்கோளாக வைத்தால் ஒரு சுழலில் மாட்டிக்கொள்ள நேரும்: கலைக்களஞ்சியத்தில் யாரோ மேற்கோள் இல்லாமல் எழுதிய வரியைப் பத்திரிகை நினைவுநாள் கட்டுரையில் எடுத்துப் போடும், மறு ஆண்டு அந்தப் பத்திரிகையே அதே வரிக்கு மேற்கோளாக வந்து உட்காரும். இதைக் கண்டுபிடிக்கக் கட்டுரையின் 'வரலாறு' பக்கம் உதவுகிறது. அந்த வரி எந்தத் தேதியில் முதலில் நுழைந்தது என்று பார்த்து, மேற்கோள் அதற்குப் பிந்தியது என்றால் அதை எடுத்துவிட வேண்டும்.

விருதுகள் பகுதியில் அன்பு மிகுந்து பிழை நுழைவது வழக்கம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக 1960-இல் கெய்ரோ ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு பெற்றார் என்பது உறுதியான செய்தி. அது நாளடைவில் 'ஆசிய ஆப்பிரிக்காவிலேயே சிறந்த நடிகர்' என்று விரிந்தது. விழாவின் பெயரையும் ஆண்டையும் பிரிவையும் அப்படியே எழுதினாலே அந்தப் பரிசின் மதிப்பு தெரியும். பிரான்ஸ் அரசு 1995-இல் அளித்த செவாலியேயும் இப்படியே. செவாலியே என்பது ஒரு விருதின் பெயராகவே தமிழில் வழங்குகிறது. உண்மையில் அது ஒரு படிநிலை. கலை இலக்கியத்துக்கான பிரெஞ்சு விருதில் செவாலியே, ஒஃபிசியே, கொமாந்தர் என்று மூன்று நிலைகள் உண்டு. சிவாஜி பெற்றது அந்த விருதின் செவாலியே நிலை. சத்யஜித் ராய் 1987-இல் பெற்ற 'லெஜியன் தொனர்' வேறு அமைப்பு, அதிலும் செவாலியே என்ற நிலை உண்டு. இரண்டையும் கலந்து எழுதும் வாக்கியங்களைப் பிரித்துச் சரிசெய்ய ஒரு முழுப்பெயர் போதும். தாதாசாகெப் பால்கே விருது 1996-ஆம் ஆண்டுக்கானது, வழங்கப்பட்டது 1997-இல். எந்த ஆண்டைப் போடுகிறோம் என்பதைப் பட்டியலின் மேலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஆண்டு இடைவெளி தேசிய விருதுகளுக்கெல்லாம் பொது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வாழ்க்கையைச் சொன்ன பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' 2007-ஆம் ஆண்டுக்கான சிறந்த படமாகவும், அதில் நடித்த பிரகாஷ்ராஜ் அவ்வாண்டின் சிறந்த நடிகராகவும் தேர்வானார்கள். படம் திரையரங்குக்கு வந்தது 2009-இல்.

சிவாஜிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைக்கவில்லை என்ற மனக்குறை ரசிகர்களிடம் இன்றும் ஆறவில்லை. கட்டுரையில் அது சிலசமயம் புலம்பலாக நுழையும், சிலசமயம் நடுநிலையின் பெயரால் முழுதாக வெட்டப்படும். இரண்டுக்கும் பதிலாக ஓர் உண்மையைச் சேர்க்கலாம்: நடிகர்களுக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்படுகிறது; முதலில் பெற்றவர் வங்காளத்தின் உத்தம் குமார். 'கட்டபொம்மன்' (1959), 'பாசமலர்' (1961), 'நவராத்திரி', 'கர்ணன்' (இரண்டும் 1964) வந்தபோது அப்படி ஒரு விருதே கிடையாது. அதற்குப் பின் வந்த படங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, நிற்கட்டும். ஆனால் அவருடைய உச்சக்காலத்தின் பெரும்பகுதிக்கு விடை வெறும் தேதியில் இருக்கிறது. ஒரு சரியான பின்னணித் தகவல் வாசகருக்குச் செய்யும் உதவியை நூறு பெயரடைகள் செய்யமாட்டா.

நடையைச் சீராக்குவது தனி வேலை. 'நடிகர் திலகம் அவர்கள் தம் ஈடு இணையற்ற நடிப்பால்' என்று தொடங்கும் வாக்கியத்தில் செய்தி எதுவும் இல்லை. நடிகர் திலகம் என்ற பட்டத்தை முதல் பத்தியில் ஒருமுறை பட்டமாகக் குறிப்பிட்டுவிட்டு, மற்ற இடங்களில் பெயரால் சுட்டலாம். 'நடித்தார்', 'பெற்றார்' என்ற வினைமுற்றிலேயே தமிழ் தரும் மரியாதை இருப்பதால் 'அவர்கள்' தேவைப்படாது. மிகை நடிப்பு என்ற விமர்சனத்தையும் விட்டுவிடக் கூடாது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் குரல் போய்ச் சேர வேண்டிய நாடகப் பயிற்சியிலிருந்து வந்தவர் அவர். உரத்த வசன உச்சரிப்புக்கும் பெரிய அசைவுகளுக்கும் அந்தப் பயிற்சியை விளக்கமாகச் சொல்பவர்கள் உண்டு, கேமரா அருகில் வந்த பிறகு அது வேண்டியதில்லை என்பவர்களும் உண்டு. யார் எந்த நூலில் சொன்னார் என்று பெயரிட்டு இரு தரப்பையும் வைத்தால் 'நடிப்புப் பாணி' என்ற பகுதி கட்டுரையின் சிறந்த பகுதி ஆகும். பெரும்பாலான தமிழ் நடிகர் கட்டுரைகளில் இல்லாத பகுதியும் அதுவே.

ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து அப்படியே பெயர்த்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்தப் பாதையைத் தமிழ் விக்கிப்பீடியா ஏற்கனவே நடந்து பார்த்திருக்கிறது. 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புத் திட்டம் வழியே நீண்ட கட்டுரைகள் பல வந்து சேர்ந்தன. நீளம் இருந்தது, வாசிக்கத் தக்க தமிழ் பல இடங்களில் இல்லை, தமிழருக்குத் தேவையற்ற தலைப்புகளும் இருந்தன. பயனர்கள் ஒவ்வொன்றாகத் துப்புரவு செய்ய வேண்டியதாயிற்று. தமிழ் நடிகர் ஒருவரின் வரலாற்றில் இன்னொரு கோணலும் உண்டு: தமிழ் மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் மறுபடி தமிழுக்கு வரும்போது படப்பெயரும் ஆட்பெயரும் எழுத்து மாறித் திரும்புகின்றன. ஆங்கிலக் கட்டுரையை மூலங்களின் பட்டியலாகப் பயன்படுத்திக்கொண்டு, எழுதுவதைத் தமிழ் நூல்களிலிருந்து நேராக எழுதுவது நேரமும் மிச்சம், பிழையும் குறைவு.

கட்டுரையில் சேர்க்கும் படங்களில் சட்டம் குறுக்கே வரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அந்தக் கணக்கில் 'பராசக்தி'க்கு இந்தியாவில் 2012-உடன் உரிமை முடிந்தது. ஆனால் படங்கள் சேமிக்கப்படும் விக்கிமீடியா பொதுவகம், படைப்பின் மூல நாட்டில் மட்டுமின்றி அமெரிக்காவிலும் உரிமை நீங்கியிருக்க வேண்டும் என்கிறது. 1996 தொடக்கத்தில் இந்தியாவில் உரிமையோடு இருந்த படைப்புகளுக்கு அமெரிக்கா தன் சட்டத்தின்படி நீண்ட பாதுகாப்பு அளித்துவிட்டதால், ஐம்பதுகளின் படக்காட்சிகளை அங்கே ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். சிலைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு: பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. அஞ்சல் துறை 2001-இல் வெளியிட்ட தபால்தலையும் உண்டு. அதை ஏற்றுமுன் அதற்குரிய உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும். காஞ்சிபுரத்தில் நினைவு இல்லமாக இருக்கும் அண்ணாவின் வீட்டை ஒருவர் நேரில் போய்ப் படமெடுத்துத் தம் பெயரிலேயே வெளியிடலாம். பெயர் வந்த கதையைச் சொல்லும் பத்திக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது அரிது.

சர்ச்சைகள் பெரும்பாலும் சாதியைச் சுற்றியும் எம்.ஜி.ஆருடனான ஒப்பீட்டைச் சுற்றியும் அரசியலைச் சுற்றியும் வருகின்றன. சாதிப்பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதுமாக ஒரே நாளில் பலமுறை மாறிய நடிகர் கட்டுரைகள் உண்டு. அந்த நிலையில் கட்டுரையில் கை வைக்காமல் உரையாடல் பக்கத்துக்குப் போவதுதான் முறை. அங்கே தீராவிட்டால் பொது உரையாடல் இடமான 'ஆலமரத்தடி' இருக்கிறது. அரசியல் பகுதியில் தி.மு.க. வட்டத்திலிருந்து விலகியது, ஈ.வெ.கி. சம்பத்தின் தமிழ் தேசியக் கட்சி, காங்கிரஸ், 1988-இல் தொடங்கிய தமிழக முன்னேற்ற முன்னணி, 1989 தேர்தலில் திருவையாற்றில் தோற்றது ஆகியவற்றைக் கால வரிசையில் சொன்னாலே போதும். தோல்வியை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதை அவரே மறைத்ததில்லை.

செம்மையான கட்டுரையும் பழசாகும். மெரினாவை ஒட்டிக் காமராசர் சாலையில் 2006-இல் திறக்கப்பட்ட சிவாஜி சிலை 2017 ஆகஸ்டில் அங்கிருந்து எடுக்கப்பட்டு அடையாற்று நினைவு மண்டபத்துக்குப் போனது. மண்டபம் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. 'கடற்கரையில் சிலை உள்ளது' என்று 2010-இல் சரியாக எழுதிய வாக்கியம் 2018-இல் பிழை. இதைத் தவிர்க்க 'உள்ளது', 'தற்போது' என்ற சொற்களுக்குப் பதிலாக ஆண்டை எழுதுவதும், கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பதும் வழி. அக்டோபர் 1, ஜூலை 21 ஆகிய இரண்டு நாட்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிறந்த ஆண்டு 1928 என்றால் நூற்றாண்டு 2028-இல் வருகிறது, 1927 என்றால் ஓராண்டு முன்னதாக. நூற்றாண்டு மலர்களும் பத்திரிகைகளும் தேதியைத் தேடி முதலில் திறக்கப்போவது அந்தத் தகவற்சட்டத்தைத்தான். ஆண்டுக்குரிய அடிக்குறிப்பு அதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும்.